எஸ்ஸவீராவில் சொந்தக்காரர் இல்லை

செல்வரட்ணம் கனடாவில் வந்து இறங்கியது 1986 செப்ரெம்பர் 23, செவ்வாய்க்கிழமை. 1989 ஏப்ரலில் ஒரு பழைய நீல நிற வான் வாங்கினார். அன்றிலிருந்து 1996 மே முதல் வாரம் வரைக்கும் பியர்சன் விமான நிலையத்துக்கு முன்னூற்றுப் பதினேழு தடவை போய் வந்திருக்கிறார். ஒரு தடவையேனும் விமானத்தில் ஏறியதில்லை. எண்ணிக்கையில் பிழை இல்லை. புறப்படுமுன் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கேட்பார். நான் விமான நிலையத்துக்குப் போன் எடுத்து, எத்தனை மணிக்கு இறங்குகிறது, எந்த ரேமினல் என்று விசாரித்து, கொப்பியில் எழுதிவிட்டுச் சொல்வேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் மட்டும் அறுபத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள். அத்தனைக்கும் ஒரு செல்வரட்ணம் இருந்தார். செல்வரட்ணத்துக்கு மட்டும் அப்படி ஒருவரும் இல்லை. காலை ஆறு தொடக்கம் இரண்டரை வரை கார் இருக்கை செய்யும் தொழிற்சாலை. அதற்குப் பிறகு வான். கட்டில் ஏற்றுவது, குடிவரவுக் கந்தோருக்கு ஆள் கொண்டுபோவது, பிள்ளை பிறந்தால் தாயையும் பிள்ளையையும் கூட்டி வருவது, கொண்டாட்டம் என்றால் சோற்றுக் கிடாரம் சுமப்பது. கேட்கிற ஒவ்வொருவரும், தாங்கள் எப்போதாவது ஒரு தடவைதான் கேட்கிறோம் என்று நம்பினார்கள். அதுவும் உண்மைதான்.

1996 ஏப்ரல் 16ஆம் திகதி வைத்தியர் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தார். 178க்கு 110. “ஒரு கிழமை போன் அடிக்காத இடத்துக்குப் போ. இல்லையென்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு வா” என்றார். இதைக் கேட்டு அதிகம் சந்தோசப்பட்டவர் மனைவி கிளடிஸ். பத்து வருடமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று, கடல் பார்க்க வேண்டும் என்று. செல்வரட்ணம் பத்து வருடமாக ஒன்ராறியோ ஏரியைக் காட்டி வந்தார்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஹமீட் என்பவருக்கு மொறொக்கோவில் எஸ்ஸவீரா சொந்த ஊர். பழைய மதில் சூழ்ந்த கடற்கரைப் பட்டினம். மதிலின் மேல் கடலைப் பார்த்தபடி வரிசையாகப் பீரங்கிகள். ஹமீடின் தங்கச்சி அங்கே மேல்மாடி அறைகளை விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறார். நாலு நாள் தங்கலாம். முடிவு செய்து ரிக்கற்றும் எடுத்துவிட்டார்கள்.

சங்கதி வெளியே வந்தது லிப்ற்றில். உள்ளே செல்வரட்ணமும் நானும் இருந்தோம். பத்தாம் மாடியில் குலசிங்கம் ஏறினார். எங்கள் கட்டடத்துத் தமிழ் மன்றத்தின் தலைவர். மூன்று வருடமாகத் தேர்தல் வைக்காததால் இன்னும் தலைவர்.

“என்ன ரட்ணம், மொறொக்கோவுக்குப் போறீராம்?”

“ஓம்.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“கிளடிசின்ர பக்கம்?”

“இல்லை எண்டுறன்.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் காணும் போறீர்?”

“அதுக்குத்தான்.”

குலசிங்கம் ஆறாம் மாடிக்கு அமத்தியிருந்தார். கதவு திறந்து, அவரைப் பார்த்துவிட்டு, மூடியது. அவர் எங்களுடன் கீழேவரை வந்தார்.

பின்னேரத்துக்குள் மூன்று விளக்கங்கள் தயார். ஒன்று, கிட்னி மாற்றப் போகிறார். இரண்டு, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார். இவர்களுக்கு மகள் இல்லை என்பது ஒரு தடையாக இருக்கவில்லை. மூன்று, ஏஜென்சி தொடங்கிவிட்டார், ஊரிலிருந்து ஆபிரிக்கா வழியாகக் கனடாவுக்கு ஆள் எடுக்கப் போகிறார். மூன்றாவதுதான் எல்லாருக்கும் பிடித்தது. நாலு நாளில் ஐந்து வீட்டார் தங்கள் மச்சான்மாருடைய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடும் பாஸ்போட் அளவுப் படத்தோடும் வந்தார்கள். கிளடிஸ் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்.

பதினோராம் மாடி யோகராணி ஏஜென்சிக் கதையை நம்பவில்லை. கையில் ஒரு பொதியோடு வந்தார்.

“அண்ணை, ஆபிரிக்காவுக்குப் பரிஸாலை தானே போறது? அங்கை இருக்கிற அக்காவுக்கு ரண்டு கிலோ மிளகாய்த்தூள் தான்.”

“பரிஸிலை இறங்கிறேல்லைத் தங்கச்சி. மொன்றியல், அங்கை இருந்து நேரை கசபிளாங்கா.”

“நீங்கள் இறங்க வேண்டாம் அண்ணை. அக்கா எயாப்போட்டுக்கு வருவா.”

மே 9, வியாழக்கிழமை, செல்வரட்ணம் ஒரு துண்டுக் கடதாசியோடு என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணை, இது ஹமீடின்ர தங்கச்சி வீட்டு நம்பர். உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. உயிர் போற விசயம் எண்டால் மட்டும் எடுங்கோ.”

“ஆற்றை உயிர்?”

கொஞ்சம் யோசித்தார். “என்ர உயிரைத் தவிர ஆற்றையும்.”

முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் பதிவுத் தபால் பார்த்தவன் நான். கடதாசியை உறையில் போட்டு ஒட்டினேன்.

மறுநாள் அவர் தன் பயணத்துக்குத் தானே வான் ஓட்டிப் போனார். எப்படியும் விமான நிலையத்துக்குத்தானே போகிறார் என்று, லண்டனுக்குப் போகிற இரண்டு பேர் ஏழு பெட்டிகளோடு ஏறிக்கொண்டார்கள். முன்னூற்றுப் பதினெட்டு.

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு என் போன் அடித்தது. செவ்வாய் காலைக்குள் பதினொரு பேர் நம்பர் கேட்டுவிட்டார்கள். பெயர், நேரம், விடயம் எல்லாம் எழுதி வைத்தேன். எங்கள் கட்டடத்து அன்புராசா, நகர எல்லையில் உள்ள ரூஜில் ஒருவரிடம் பழைய சோபா வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் அந்த மனிதர் அதை வெளியே வைத்துவிடுவாராம். ஒரு பெண்ணின் மாமியார் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வர நேர்ந்தது. அதை அந்தப் பெண் எனக்கு அழுதபடி சொன்னார். குலசிங்கம் நேரில் வந்தார். மன்றத்தின் சோற்றுக் கிடாரங்கள் நகரின் மறுகோடியில், மல்வேர்னில் கிடந்தன; கொண்டாட்டமோ இங்கே.

“அண்ணை, உயிர் போற விசயம்.”

“ஆற்றை உயிர்?”

“என்ர மானம் போகப்போகுது.”

“மானத்துக்கு நம்பர் குடுக்கச் சொல்லேல்லை.”

“உவர் என்ன, பெரிய மந்திரியே? அவசரத்துக்கு ஒரு ஆளைப் பிடிக்கேலாது.”

ஏழு வருடமாக அவசரமில்லாத நேரத்திலும் பிடித்த ஆள் என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது. பன்னிரண்டாவது ஆள் என்று பேனையை எடுத்தேன்.

“அண்ணை, நான் ரட்ணம்.”

“என்ன, சுகமில்லையோ?”

“சுகந்தான். நல்ல காத்து. கிளடிஸ் மதிலிலை நிண்டு கடல் பாக்கிறா. வந்த நாளிலை இருந்து அதுதான் பாக்கிறா.”

“நீர்?”

“நானும் பாத்தன். முடிஞ்சுது. இஞ்சை ஒரு வேலையும் இல்லை அண்ணை. நித்திரையும் வரேல்லை. நேற்றுத் துறையிலை ஒருத்தன் மீன் பெட்டி தூக்கினான், நான் மற்றப் பக்கம் பிடிச்சன். அவன் கள்ளன் எண்டு நினைச்சுக் கத்திப்போட்டான்.”

“பிறகு?”

“பிறகென்ன. அங்கை என்ன புதினம்?”

“ஒண்டும் இல்லை.”

ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல, “ஆராவது என்னைத் தேடினவையே?” என்று கேட்டார்.

கொப்பி எனக்கு முன்னால் திறந்துதான் கிடந்தது. பதினொரு பெயர். பதினொன்று என்று சொன்னால் அடுத்த கேள்வி, அந்த மாமியார் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பதாக இருக்கும். அதற்கடுத்து, கசபிளாங்காவுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்பதாக இருக்கும். அந்த மனிதர் 178ஐச் சுமந்துகொண்டு போனவர், 190ஐக் கொண்டு வருவார்.

“ஒருத்தரும் தேடேல்லை.”

“குலசிங்கம்?”

“குலசிங்கமும் தேடேல்லை.”

“ஓ,” என்றார். “அது நல்லம்தானே.” போனை வைத்துவிட்டார்.

கொப்பியில் எழுதினேன்: மே 14, காலை 10.40, செல்வரட்ணம், நாலு நிமிடம், நலம் விசாரிப்பு.

பிறகு நடந்தது கிளடிஸ் சொல்லித் தெரியும். போன் எடுத்துவிட்டு வந்து ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில் குந்தினாராம். “ஏழு வருசம் கிளடிஸ். ஒரு நாய்கூடத் தேடேல்லை” என்றாராம். “தேடாட்டிப் படுங்கோ” என்று கிளடிஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபத்தில் செல்வரட்ணம் ஒரு தட்டுச் சுட்ட சூடை மீனும் பேக்கரிப் பாணும் தின்றார். சப்பாத்தைக் கழற்றி, மதிலுக்குக் கீழே ஒரு வாங்கில் நீட்டி நிமிர்ந்து, ஏழு மணிவரை நித்திரை. கிளடிஸ் சப்பாத்துக்குக் காவலாக இருந்தார். அடுத்த நாளும் அதே கோபம், அதே மீன், அதே வாங்கு. கல்யாணம் கட்டி இருபத்தொரு வருடத்தில் அந்த இரண்டு நாளும்தான் தனக்குத் திறம் என்றார் கிளடிஸ்.

17ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து ஐம்பதுக்கு இறங்க வேண்டிய விமானம். மற்றவர்கள் சொல்லுமுன் நானே விசயத்தைச் சொல்லிவிடலாம் என்று சப்வேயும் பஸ்ஸுமாக மாறிப் போனேன். எனக்கு முன்பே குலசிங்கமும் அன்புராசாவும் யோகராணியும் கதவுக்கு எதிரே நின்றார்கள். வான் இல்லாதபடியால் டாக்சி பிடித்து வந்திருந்தார்கள். திரும்பும் நேரத்தை நான்தான் கேட்டவர்களுக்குச் சொல்லியிருந்தேன். அதை மறைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

மூக்குத்தோல் உரிந்த செல்வரட்ணம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

“எங்கை காணும் போனனீர்?” என்றார் குலசிங்கம். “பதினொரு பேர் இந்த மனிசனிட்டைக் கெஞ்சினம். நம்பர் தரமாட்டன் எண்டிட்டார்.”

செல்வரட்ணம் வண்டிலை நிற்பாட்டினார்.

“பதினொரு பேரோ அண்ணை?”

“பன்ரண்டு,” என்றேன். “புதன்கிழமை ஒண்டு வந்தது.”

என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அன்புராசாவைப் பார்த்தார்.

“சோபா இன்னும் ரூஜிலையே கிடக்குது?”

“ஓம் அண்ணை. மழையிலை.”

“உதை அப்பவே சொல்லியிருக்கலாமே,” என்று சொல்லிக்கொண்டே வான் திறப்பைச் சட்டைப்பையில் தேடத் தொடங்கினார். அன்று பின்னேரம் முழுவதும் அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை, எஸ்ஸவீராவில் எடுத்த இருபத்துநாலு படங்களில் ஒன்றிலும் நான் காணவில்லை. வானில் எல்லாரும் ஏறிய பிறகு கிளடிசுக்குப் பின்னிருக்கையில், ஒரு கிழமையாக வானிலேயே கிடந்த மிளகாய்த்தூள் பொதிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பரிஸில் இருக்கும் யோகராணியின் அக்கா இன்னும் காத்திருக்கிறாராம்.

திங்கட்கிழமை விடுமுறை. மே 21, செவ்வாய்க்கிழமை, வைத்தியர் மறுபடி பார்த்தார். 142க்கு 88. என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். கடல் காற்று என்றார் செல்வரட்ணம். கோபம் என்றார் கிளடிஸ். வைத்தியர் எதையோ எழுதினாராம். எதை எழுதினார் என்பது தெரியாதபடியால் இங்கே குறிக்கவில்லை.