ஸ்டெல்லா அக்கா பார்த்த கறுப்புப் புள்ளி

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை. மாரடைப்பு.

டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். "நம் துறையின் லேப் அட்டெண்டர். அருமையாக டீ போடுவார்" என்று துறைத் தலைவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்...

அக்காவைப் பற்றி அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன். நான் இங்கே எதுவும் எழுதுகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும்.

எம்.எஸ்சி. முடித்ததும் அந்தக் கல்லூரியில் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்டாக இருந்தேன். வியாழன் கிரகத்தின் படங்களைப் பார்த்து, மேகப் பட்டைகளில் இருக்கும் புள்ளிகளைக் குறிப்பது வேலை. வெள்ளை, பழுப்பு, சிவப்பு... எல்லாம் புயல்கள்.

ஒரு நாள் நடுப்பட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி. துறைத் தலைவர் சாருக்கு ஒரே குஷி. புதுப் புயல் என்று கருத்தரங்குக்குப் போஸ்டரே தயார் செய்யச் சொல்லிவிட்டார்.

டீ கொண்டு வந்த அக்கா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, மத்த புள்ளியெல்லாம் பட்டையோட சேந்து போவுது. இது மட்டும் முந்திக்கிட்டு ஓடுது பாரு. இது புயலு இல்ல, எதோட நெழலோ. நடவு வயல்ல மேக நெழலு ஓடி நீ பாத்ததில்லியா?"

பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் நடவுக்குப் போகிறவர்தான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழனின் நிலா ஒன்றின் நிழல்தான் அது.

சாரிடம் போய்ச் சொன்னோம். "டீ ஆறுது, வச்சிட்டுப் போம்மா" என்றார் அக்காவிடம்.

கருத்தரங்கில் அதே சார் மைக்கைப் பிடித்து, இது நிழல் என்று முதல் பார்வையிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார், இங்கிலீஷில். அக்கா சமோசா தட்டோடு பின்வரிசையில் நின்றார்.

"நான் சொன்னதத்தான் சொல்றாரா?" என்று என் காதில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பிறகு மதிய இடைவேளைகளில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ புள்ளிகளைப் பிரித்துச் சொன்னார். அவற்றை வைத்து நான் சாருக்காக ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு அக்கா கேட்டது ஒன்றுதான்.

"கட்டுரையில எம் பேரு போடுவியா பாப்பா? எங்க வீட்டுக்காரரு நம்பவே மாட்டேங்குறாரு. நீ பாத்தது வியாழனா, வியாழக்கெழமையான்னு நக்கல் பண்றாரு."

போட்டேன். ம. ஸ்டெல்லா.

"அட்டெண்டர் பேரையெல்லாம் போட்டா நம்மளப் பாத்து சிரிப்பாங்க. எடுத்துடும்மா" என்றார் சார்.

எடுத்தேன். அனுபவச் சான்றிதழில் எனக்கு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

கட்டுரை வந்தது. என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அக்கா கேட்டபோதெல்லாம் "இன்னும் வரலக்கா" என்றேன்.

அருவருப்பாக இருக்கிறது. அந்த ஆள் மேல் மட்டும் இல்லை...

இன்று அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் அக்காவின் கணவர் என்னை அடையாளம் கண்டு வந்தார்.

"ஏம்மா, அந்தக் கட்டுரை வந்துடுச்சா? போன வாரம்கூட சொல்லிக்கிட்டு இருந்தா."

"வந்துடுச்சுங்க. அக்கா பேரு அதுல இல்ல. நான்தான் எடுத்துட்டேன்."

அவர் கல்லறைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... அவ சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"நெசந்தாங்க."

ம. ஸ்டெல்லா. அது நிழல் என்று முதலில் சொன்னவர்.

போய் வாங்கக்கா.