அணைந்த ஃபாக்டரியின் புகை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "வேலையைப் பாருங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி, இது ஒன்றைத் தவிர. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மெஷின்களை நிறுத்தி, அடுப்பை அணைத்துப் பல வாரமாகியிருந்தது. ஒரேயடியாக மூடுவதா, விலை ஏறும்வரை பொறுப்பதா என்று முதலாளிகள் கூடிப் பேசப் போகிறார்கள். மூடலாம் என்று சொல்லும் ஸ்லைடுகளை மேனேஜர் என்னைத்தான் செய்யச் சொன்னார். மூடினால் எனக்கும் வேலை போய்விடும், என் சோற்றில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் ஸ்லைடில் ஃபாக்டரி படம், அன்று காலை நானே எடுத்தது. பிரிண்ட் போட்டால் வேண்டாத தேதி, பக்க எண், பின்னணி நிறம் எல்லாம் சேர்ந்து வந்தன. எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான மாஸ்டர் ஸ்லைடுக்குப் போய் எடுத்துவிட்டேன், எல்லாம் போயின. புகைபோக்கிக்கு மேலே ஒரு சாம்பல் தீற்றல் மட்டும் போகவில்லை. திரையில் இல்லாதது தாளில் எப்படி வரும்?

கணக்குப் பார்க்கும் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது மூடுபனிங்க. கேமராவுல பட்டிருக்கும்."

"அப்படின்னா ஸ்கிரீன்லயும் தெரியோணுமில்லீங்க அக்கா?"

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "புகையாட்டம்தான் இருக்குதுங்க" என்றவர், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

கேட்ரிட்ஜை மாற்றினேன், வெறும் கறுப்பு வெள்ளையில் போட்டேன், படத்தை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். கோத்தகிரி கடையில் வேறு மெஷினிலும் எடுத்துப் பார்த்தேன். அதே புகை. திரும்பி வந்து அடுப்பில் கையை வைத்தேன், ஜில்லென்றிருந்தது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"படத்தை எடுத்துரட்டுங்களா?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அடுப்பு எரியலைன்னு காட்டத்தானப்பா அந்தப் படமே!"

வேறு வழியில்லாமல் அப்படியே கொடுத்தோம். கூட்டத்தில் பெரிய முதலாளி தாளைப் பார்த்துவிட்டு, "ஓடற ஃபாக்டரிய எதுக்குங்க மூடச் சொல்றீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜர் என்னை முறைத்தார். எனக்கோ ஒரு நிமிடம் நப்பாசை வந்துவிட்டது. ஆனாலும் மூடிவிட்டார்கள்.

அப்புறம் குன்னூரில் சொந்தமாக ஒரு பிரிண்டிங் கடை போட்டேன். புது மெஷின் வாங்கும்போதெல்லாம் அந்த ஸ்லைடைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன், நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு தடவையும் புகை வந்தது. சில வருடம் கழித்து, காட்டேஜ் கட்டுவதற்காக அந்தப் புகைபோக்கியை இடித்துவிட்டார்கள் என்று செல்வி அக்கா போனில் சொன்னார். உடனே அந்த ஸ்லைடைப் பிரிண்ட் போட்டேன். படத்தில் புகைபோக்கி அப்படியே நின்றது, மேலே வெறும் வானம்.

அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டும் வராத சுத்தமான பிரிண்ட். இப்போதும் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு தாளைப் போட்டுப் பார்க்கிறேன், புகை வராதா என்று.