பீச்சாங்கைத் தட்டு

பேய் வருவதற்கு இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எவன் சொன்னானோ! இது நடந்தது பட்டப்பகலில். மாலை நான்கு மணி வெயிலில், ஊரே பார்த்துக்கொண்டிருந்த சர்ச் திருவிழாப் பவனியில். தச்சருக்கு எதிரே கோல் பிடித்து ஆடியவன் நான். சத்தியமாக ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் கோலாட்டக் குழுவுக்குத் தச்சர்தான் தலைவர். கோல்களைக் கடைந்து கொடுப்பவரும் அவரே. அவர் தம்பிக்கு இடதுகைப் பழக்கம். எல்லார் கோலும் ஒரு பக்கம் வந்தால் அவன் கோல் மறுபக்கம் வந்து, எதிராளியின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடும். 'பீச்சாங்கை' என்றே பெயர் வைத்துவிட்டோம். ஒரு திருவிழாவில் அண்ணன் விரலிலேயே போட்டுவிட்டான். தச்சர் கூட்டத்துக்கு நடுவே அவன் கோலைப் பிடுங்கி முறித்தார்.

"அந்தக் கை உன் உடம்புல இருக்கிற வரைக்கும் என் ஆட்டத்துல கால் வைக்காதே!"

தம்பி வெளியூருக்குப் போய் ஏதோ மில்லில் சேர்ந்தான். பேச்சுவார்த்தை அற்றுப்போனது. ஒரு கட்டைவிரலுக்காகக் கூடப்பிறந்தவனையே வெட்டிவிட்டார் மனிதர். 

பவனியன்று காலை நான் கூப்பிடப் போனபோது, தச்சரின் மனைவி சலங்கையை எடுத்துக் கொடுக்காமல் நின்றார்.

"தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கிறாராம். உங்களையே கேக்கிறாராம். ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

"பவனி முடியட்டும். அவன் எங்கே ஓடிடப் போறான்?"

பவனி புறப்பட்டது. முன்னால் நாங்கள், பின்னால் ஆட்களின் தோளில் புனிதர் சிலை. டக்... டக்... என் கோலும் அவர் கோலும் சேர்ந்து தட்டின. கடைத்தெரு திரும்பியதும் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டது.

டக்... டக்... டக்.

"யோவ், ஒழுங்கா ஆடுய்யா!"

"நான் இல்லண்ணே."

மறுபடியும் கேட்டது. தச்சர் "ஆ!" என்று கையை உதறினார். கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது.

"எவன்டா பீச்சாங்கையால அடிக்கிறது?"

எதிரே நான் மட்டும்தான். என் கோல்கள் கீழே தொங்கின.

டக்.

வெறும் காற்றில்... அவர் கோல் அதிர்ந்தது.

டக்.

"தம்பி..." என்றார்.

சத்தம் நின்றது.

சலங்கையைக்கூடக் கழற்றாமல் என் வண்டியில் ஏறினார். ஆஸ்பத்திரியில் முகம்வரை போர்த்தியிருந்தார்கள். பவனி கிளம்பும் முன்பே உயிர் போய்விட்டதாம்.

"அவன் கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறேன்" என்று தச்சர் இடது பக்கமாகப் போர்வைக்குள் கையை விட்டார். தேடினார்... தேடிக்கொண்டே இருந்தார்.

தம்பி மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"மெஷின்ல சிக்கின கையைப் போன வாரமே எடுத்துட்டாங்க, மாமா. முழிச்சதும் அவர் சிரிச்சார்... 'இனிமே அண்ணன் என்னை ஆட்டத்துல சேத்துக்குவார்'னு."