மச்சானுக்கு வந்தது சாமியில்லை

புளி உலுக்கும் பருவத்தில் எங்கள் மலையில் எல்லோரும் மலைமேலிருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் ஜீப்பில் கிளம்பினால் ஊருக்கே சர்க்கரை மாத்திரை வாங்கி வந்துவிடுவார். என் தங்கை புருஷனுக்கும் அப்படித்தான் மாத்திரை வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் அங்கே தலைகாட்டி மாதக்கணக்காகிவிட்டது.

அன்று வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மரமேறினார். வெயில் ஏறியதும் இறங்கி வந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

“இன்னா மச்சான், மரம் உன்ன உலுக்கிடுச்சா?” என்றேன்.

அவர் கையிலிருந்த துரட்டுக்கோல் என் மூக்கில் இறங்கியது. வீரனாக நான் செய்த முதல் காரியம் ஓடியது. இரண்டாவது, வேர் தடுக்கி விழுந்தது. மச்சான் என் மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தார். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது.

“சாமி வந்துடுச்சு!” என்று ஆட்கள் வேப்பிலையோடு ஓடிவந்தார்கள். அவருக்கு விழவேண்டிய அடியில் பாதி எனக்கு விழுந்தது. அதற்குள் அவர் கை தளர்ந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல! ஜீப்ப எடுங்க!” என்று அலறினாள் தங்கை.

கட்டித் தூக்கிப் போட்டோம். மலை இறங்குவதற்குள் என் விரலையும் கடித்துவிட்டார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண் தெளிந்தது.

“இன்னா மச்சான், மூக்கு இப்டி வீங்கிக் கீது? யாராண்ட அடி வாங்குன?” என்று கேட்டாரே பார்க்கலாம்!

டாக்டரம்மா சொன்னதில் என் சிரிப்பு அடங்கியது. “ஆளு பாதியா எளைச்சிருக்காரு, மாத்திரை மட்டும் பழைய அளவு. மாசாமாசம் மலையிலயே காட்டியிருந்தா அங்கயே குறைச்சிருப்பாங்க. இங்க வரவே வேண்டியதில்ல. இன்னொரு தடவ இப்படி சர்க்கரை எறங்குனா எழுந்திருக்க மாட்டாரு.”

அளவைக் குறைத்து அனுப்பினார். அடுத்த மாதம் சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டிய நாளன்று மச்சான் மறுபடி மரத்தில்.

“மாத்திரைய நீயே வாங்கினு வந்துடு, மச்சான்!” என்று மேலிருந்து குரல்.

தங்கை அருவாளை எடுத்து அடிமரத்தில் ஒரு போடு போட்டாள். “எறங்குறியா, மரத்தோட சாய்க்கட்டா?”

நான் பத்திரமாகத் தூரத்தில் நின்றேன். இருப்பது ஒரு மூக்கு. இரண்டாவது வெட்டில் மரச்சிராய் தெறித்தது. மச்சான் இறங்கினார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் விரல் நுனியில் குத்தியதும், என் கழுத்தை நெரித்த அந்த ஆள் “அய்யோ!” என்று கூவினார். சர்க்கரை சரியாக இருந்தது.

“அடுத்த மாசமும் நீங்களேதான் வரணும்” என்றார் நர்ஸ்.

“வருவாருங்க” என்றாள் தங்கை. “அருவா ஜீப்லதான் கீது.”