சுரையா வீட்டுத் தட்டு மீன்

மீனுக்கு அம்மியில் கறி அரைத்துப் போட்டவள் மரக்காணத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் சுரையா. கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த அப்துல் கரீமுக்கு மூன்றாவது மகள். மூத்தவளைக் கோட்டக்குப்பத்தில் கொடுத்தார்கள், நடுவிலவளைக் கடப்பாக்கத்தில். கடைசிப் பெண்ணாவது கண்ணெதிரில் இருக்கட்டும் என்று இவளை உள்ளூரிலேயே, அத்தை மகன் ஹபீப் முஹம்மதுக்குக் கட்டி வைத்தார்கள். அவள் கண்ணெதிரில்தான் இருந்தாள். மாப்பிள்ளைதான் இல்லை. மகள் ஆஸிஃபா தவழ்கிற நாளில் டிரைவர் வேலைக்கென்று தம்மாமுக்குப் போன மனுஷன், அவளுக்கு வரன் பார்க்கிற வயசு வந்த பிறகுதான் போதும் என்று திரும்பினார். நடுவில் வந்த லீவுகளை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் ஒரு மழைக்காலத்துக்குக் காணாது.

எண்பத்தேழில் அவர் வந்து இறங்கியபோது டேப்ரிகார்டரும் சென்ட் பாட்டிலும் வந்தன. அது எல்லார் வீட்டுக்கும் வருவதுதான். கூடவே கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சுற்றிய ஒரு ஹீட்டரும், தண்ணீருக்குள் காற்று ஊதுகிற ஒரு சின்ன மோட்டாரும் வந்தன. வண்டி ஓட்டப் போனவரிடம் அர்பாப், அதாவது அந்த வீட்டு முதலாளி, கூடத்து மீன் தொட்டியையும் ஒப்படைத்திருந்தார். அங்கே பேச ஆள் ஏது? இத்தனை வருஷமும் இவர் முகம் பார்த்தது அந்த மீன்களைத்தான். அதனால் பேச்சே மறந்துபோய் வந்து சேர்ந்தார். “சோறு போடட்டுமா?” என்றால் “ம்.” “மகளுக்குத் திண்டிவனத்துல இருந்து கேக்குறாங்க” என்றால் அதற்கும் “ம்.” ஆஸிஃபா அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மா மூலமாகத்தான் கேட்பாள்.

வந்த மாசமே பாண்டிச்சேரியில் கண்ணாடி அறுத்து வாங்கி, பசை வைத்து ஒட்டி, கூடத்தில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குத் தொட்டி செய்தார்.

“ஏங்க, கடலைப் பக்கத்துல வச்சிக்கிட்டு மீனுக்குத் தொட்டி கட்டுறீங்களே.”

“இது கடல் மீன் இல்ல. டிஸ்கஸ். நல்ல தண்ணி மீன்.”

“நமக்கே குடிக்க நல்ல தண்ணி இல்ல. அதுக்கு எங்க போவீங்க?”

அவர் மாடியைப் பார்த்தார். மரக்காணத்துக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்த வீட்டில் மொட்டை மாடியில் விழுகிற மழையைக் குழாய் வழியாகக் கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். வேர்த்து வேலை செய்கிற வீட்டுக்காரி அதைச் சொம்பு சொம்பாக எண்ணிச் செலவழிப்பாள். இனி அது மீனுக்கு என்று ஆயிற்று.

மணல் கொண்டுவந்தவன் பாவாடை. உப்பளத்தில் வேலை செய்கிறவன். மழை வந்து பாத்தியெல்லாம் முழுகிவிட்டால் ஊருக்குள் வெள்ளையடிக்கவும் கூரை பார்க்கவும் வருவான். கடலோரத்து மணலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொட்டினான். ஹபீப் முஹம்மது ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார். சுர்ரென்று நுரைத்தது.

“கிளிஞ்சல் கலந்திருக்குது. இது ஆவாது.”

“ஏம்பா, கிளிஞ்சல் இல்லாத மண்ணு மரக்காணத்துல எங்க கெடைக்கும்? நானும் அதுலதான் பொறந்தேன்” என்றான் பாவாடை.

“என்னாங்க, மீன் வாயைக் குத்திடுமா?” என்று உள்ளேயிருந்து சுரையா கேட்டாள்.

“ம்” என்றார்.

பிறகு பெண்ணையாற்று மணல் லாரியில் வந்தது. அதைச் சலித்து, அலசி, மறுபடியும் எலுமிச்சை பிழிந்து பார்த்து, நுரைக்கவில்லை என்ற பிறகுதான் பரப்பினார். சவுக்கு வேர்க்கட்டையைப் பல நாள் மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு நடுவில் வைத்தார். இரும்பை என்கிற ஊரின் ஏரிக்கு சைக்கிளில் போய் நாடா மாதிரி இலை விடுகிற பாசியை வேரோடு பிடுங்கிவந்து, நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொன்றாக நட்டார். காய்ந்த வாதுமை இலையை மிதக்கவிட்டார். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. மேலே டியூப் லைட்டு. மீன் மட்டும் வரவில்லை. செடி பிடிக்கட்டும் என்று வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அனுமந்தைக் குப்பத்திலிருந்து மீன் கூடை தூக்கிவருகிற சவரியம்மாள் எட்டிப் பார்த்தாள். “பாயம்மா, பாய் என்னா, தண்ணிக்கு லைட்டு போட்டுப் பாக்குறாரு?”

“மீன் வரப்போவுதாம்.”

“மீன்தான் தெனம் என் தலையில வருதே.”

ஒரு வழியாக மெட்ராஸில் ஒரு வியாபாரியிடமிருந்து, சிங்கப்பூரிலிருந்து வரவழைத்ததாம், காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் சின்னச் சின்னதாக எட்டு மீனை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வளர வளர வட்டத் தட்டு மாதிரி ஆயின. உடம்பில் நீலக் கோடுகள் ஓடின, கண் சிவந்திருந்தது. சவரியம்மாள் அடுத்த முறை பார்த்துவிட்டு, “எங்க வவ்வால் மீனுக்குப் புடவை கட்டின மாதிரி இருக்குது. குழம்புக்கு ஆவுமா?” என்றாள். தின்கிற தீனி என்னவென்றால் மாட்டின் இருதயம். கசாப்புக் கடையில் சொல்லி வைத்து வாங்கி, கொழுப்பும் நரம்பும் எடுத்து, மை போல அரைத்துப் போட வேண்டும். “மனுஷிக்கு ஒரு பூ வாங்கியாரத் தெரியல, மீனுக்குக் கறி” என்று சுரையா முணுமுணுப்பாள். அரைக்க மாட்டேன் என்பாள். அவரே அம்மி முன் குந்தி அரைப்பார்.

எண்பத்தெட்டு ஆடியில் தம்மாமிலிருந்து லீவில் வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அர்பாப் கூப்பிடுகிறாராம். விசா எடுத்து வைத்திருக்கிறாராம். வருஷம் முடிவதற்குள் வந்தால் வரலாம், இல்லையென்றால் வேறு ஆள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த சுரையாவிடம், ஹபீப் முஹம்மது கலியாணமான நாளிலிருந்து பேசாத நீளத்துக்குப் பேசினார்.

“மீனுல ரெண்டு ஜோடி சேர்ந்திருக்குது. முட்டை போடுது, அதுங்களே தின்னுடுது. பழகணும். ஒரு ஈடு குஞ்சு பொழைச்சிதுன்னா மெட்ராஸ்காரன் அத்தனையும் எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான். அப்புறம் நான் எதுக்கு அங்க போவணும்? இங்கியே இருந்துடுவேன்.”

“குஞ்சு பொழைக்கலன்னா?”

“போவணும்.”

மறுநாள் காலை கசாப்புக் கடைப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கி அம்மியில் வைத்தவள் சுரையாதான். அதற்கப்புறம் ஒரு நாளும் அவரை அரைக்க விடவில்லை.

ஐப்பசி பிறந்ததும் குஞ்சு பொரித்தது. சுரையா தொட்டி முன்னால் போய் நின்றாள். கண்ணுக்கு ஊசி முனை மாதிரித்தான் தெரிந்தது. அவ்வளவும் பெரிய மீன்களின் உடம்பில் ஈயாக ஒட்டிக்கொண்டு மேய்ந்தன.

“என்னாங்க பண்ணுதுங்க?”

“பால் குடிக்கிற மாதிரி. உடம்புல ஒரு வழுவழுப்பு ஊறும், அதைத் தின்னுதான் வளரும். பாரு, ஆத்தா களைச்சிட்டா ஒரு உதறு உதறும். எல்லாம் அப்பன் மேல போய் ஒட்டிக்கும்.”

“ஆம்பளை மீனும் ஊட்டுமா?”

“ஊட்டும்” என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற ஆஸிஃபாவை அப்போதுதான் பார்த்தார். “வா, வந்து பாரு” என்றார். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வருவதாக இருந்தது. புடவை எடுக்க மெட்ராஸ் போக வேண்டும். அவர் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போகத் தயங்கினார். சுரையாதான் அடம் பிடித்தாள். “உங்க மகளுக்கு நீங்களே கூட்டிட்டுப் போய் எடுத்துக் குடுங்க. இன்னும் எத்தினி நாளைக்கு உங்க வீட்டுல இருக்கப்போறா? மீனை நான் பாத்துக்கிறேன்.” அவர் சொல்லிக்கொடுத்தார்: காலையில் ரெண்டு குடம் எடுத்துவிட்டு ரெண்டு குடம் ஊற்ற வேண்டும், கொல்லைத் தொட்டி மழைத்தண்ணீர் மட்டும், வெதுவெதுப்பாக்கித்தான் ஊற்ற வேண்டும்.

அப்பனும் மகளும் பஸ் ஏறின கையோடு பாவாடை வந்து நின்றான். “மாடி ஒழுவுதுன்னு சொன்னியேம்மா. இன்னைக்கு விட்டா எனக்கு தோது இல்ல. வானம் மூடிக்கிட்டு வருது.”

கூடத்தில் சரியாகப் பாய் விரிக்கிற இடத்தில்தான் ஒழுகும். சம்பந்தி தலையில் சொட்டினால் யாருக்கு மரியாதை? அவரிடம் ரெண்டு தரம் சொன்னதற்கு, “மாடிய அப்புறம் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. அவளும் சோம்பல் என்று நினைத்துக்கொண்டாள். பாவாடை சுண்ணாம்பைக் குழைத்து விரிசலையெல்லாம் அடைத்து, மேலே கனமாக ஒரு பூச்சும் பூசினான். வெய்யிலுக்கும் குளுமை, மழைக்கும் காப்பு. அந்தக் கரையில் எல்லார் வீட்டு மாடிக்கும் செய்வதுதான்.

ராத்திரி மழை கொட்டியது. சுரையா விவரம் தெரியாதவள் இல்லை. முதல் மழை அழுக்கு என்று குழாயைத் திருப்பி வெளியே ஓடவிட்டாள். விடியற்காலை பெய்த இரண்டாவது மழையைத்தான் கொல்லைத் தொட்டிக்கு விட்டாள். நேற்றுவரை அடிமட்டத்தில் கிடந்த தொட்டி பாதிக்கு ஏறியது. புதுத்தண்ணீர் என்று அவளுக்குச் சந்தோஷம். ரெண்டு குடம் மொண்டு, வெந்நீர் கலந்து, கைவிட்டுப் பார்த்து, குழந்தைக்கு ஊற்றுகிற பதத்தில் மெல்ல ஊற்றினாள்.

உச்சி வேளைக்குள் மீன்களின் நிறம் கறுத்தது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் போய்ச் சாய்ந்தன. குஞ்சுகள் உடம்பிலிருந்து உதிர்ந்தன. பழைய தண்ணீர் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். கொல்லைத் தொட்டிக்கு ஓடி இன்னும் ரெண்டு குடம் புதுத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகும் ரெண்டு குடம்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எட்டுத் தட்டும் மல்லாந்து கிடந்தன. வாயில் அடக்கியிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு சுரையா தரையில் உட்கார்ந்தாள். ஈரக் கையால் உதட்டைத் துடைத்தபோது நாக்கில் என்னவோ பட்டது. வெற்றிலை போடுகிறவளுக்கு அந்தக் கடுப்பு தெரியாமல் இருக்குமா? கொல்லைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு. எலுமிச்சை பிழிந்ததும் நுரைத்த மணல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுத்தானே இந்த ஊரில் சுண்ணாம்பு எடுக்கிறார்கள்? அவர் கைப்பிடி மணலில் கூட வேண்டாமென்று தள்ளியதை அவள் மாடி முழுக்கப் பூசி வைத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆஸிஃபா முதலில் ஓடிவந்தாள். “அம்மா, அத்தாவுக்கு மெட்ராஸ்ல ரோடு தாண்டத் தெரியலம்மா. சவுதியில வண்டி ஓட்டினவரு, என் கையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு.” பின்னாலேயே அவர் சிரித்துக்கொண்டு வந்தார். கையில் குஞ்சுக்கென்று வாங்கின மெல்லிய வலை.

தொட்டியைப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். மாடிப்படி ஏறிப் போனார். இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“என்னாச்சு அத்தா?” ஆஸிஃபா அழுதாள்.

“கரண்டு போயிருக்கும்மா. ஹீட்டர் நின்னா தாங்காது.”

“கரண்டு போச்சாம்மா?”

சுரையா அவரைப் பார்த்தாள். அவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “போச்சு” என்றாள்.

நிச்சயத்தன்று பெரிய மழை. கூடத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சம்பந்தி வீட்டார் நன்றாகச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா செடி மட்டும் நிற்கிற தொட்டியைப் பார்த்து, “மீனு எங்க பாய்?” என்று கேட்டார். ஹபீப் முஹம்மது, “இனிமேதான் வுடணும்” என்றார். அதற்குள் இலைகளின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

மார்கழியில் புறப்பட்டார். நிக்காஹ் மாசியில். அதுவரை விசா நிற்காது. பெட்டி கட்டும்போது சுரையா கேட்டாள்: “கிளிஞ்சலும் சுண்ணாம்பும் அதுக்கு ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“வாயைக் குத்துமான்னு கேட்ட. உனக்கு இதெல்லாம் விளக்கி என்னான்னு விட்டுட்டேன்.”

“ம்” என்றாள் அவள்.

மகள் கலியாணத்துக்கு ஹபீப் முஹம்மதுக்கு அண்ணன் முறைக்காரர் ஒருவர்தான் அப்பன் இடத்தில் நின்றார். மறுவீடு வந்தபோது ஆஸிஃபா பேருக்கு தம்மாமிலிருந்து ஒரு கேசட் வந்திருந்தது. அம்மாவும் மகளும் டேப்ரிகார்டரில் போட்டுக் கேட்டார்கள். மகளுக்கு துஆ, மருமகனுக்கு சலாம், கோட்டக்குப்பத்து மதினிக்கு, கடப்பாக்கத்துச் சகலைக்கு என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிவிட்டுப் பேச்சு நின்றது. அணைக்க மறந்துவிட்டார் போல. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் குபுகுபுவென்று தண்ணீருக்குள் காற்று ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்னம்மா இது சத்தம்? டேப்பு கெட்டுப்போச்சா?” என்றாள் ஆஸிஃபா.

“ஆமா, கெட்டுப்போச்சு” என்றாள் சுரையா. ஆனால் அணைக்கப் போன மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாடா முடிகிற வரைக்கும் விடவில்லை.