அக்கா வெட்டிய நரைமுடி

என் தலையில் முடி இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் என் மனைவியும் அவளுடைய அக்காவும்தான். மற்றவர்கள் கேள்விப்பட்டதோடு சரி. அதனால் முடியைப் பற்றி நான் வாய் திறந்தால் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. இருந்தாலும் இதை நான்தான் சொல்லியாக வேண்டும். அவர்களைச் சொல்லவிட்டால் ஆளுக்கு ஒரு கதையாகிவிடும்.

என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மேஜைமேல் முகம் பார்க்க ஒரு வட்டக் கண்ணாடி, அதற்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர், அந்தப் பக்கம் இவள். எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பது வேலை. அறுபது தாண்டிய பிறகும் முதலாளி இவளை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இவள் பொய் சொல்வதில்லை. "இது வேண்டாம்மா, முகத்துல மூக்கு மட்டும்தான் தெரியுது" என்று சிரிக்காமல் சொல்லுவாள். கேட்டவர்களும் கோபித்துக்கொள்ளாமல் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதையே நான் சொன்னால் அடிதான் விழும்.

அவளுடைய அக்கா பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கிறார். கணவர் போன பிறகு கடைக்கு மேலேயே ஒரு அறையில் தனியாக இருக்கிறார். கறாரான மனுஷி. துணி வெட்டுகிற கத்தரிக்கோலை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை தெரியாத்தனமாக அதை எடுத்துப் பார்சல் கயிற்றை வெட்டிவிட்டேன். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். பின்பால்கனியில் இரண்டு ஸ்டூல், பழைய துண்டு, டை கலக்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். இவள் தலைக்கு அவர், அவர் தலைக்கு இவள். தன் பின்மண்டைக்குத் தானே டை அடிக்க யாராலும் முடியாது. அந்த ஒரு காரணத்தால் பல வருஷமாக அந்த ஞாயிறு தவறியதில்லை. டை ஊறுகிற நேரத்தில் தலையில் பாலித்தீன் உறையைக் கட்டிக்கொண்டு இருவரும் பேசுவார்கள். யாராவது கதவைத் தட்டினால், வீட்டில் இல்லை என்று சொல்வது என் உத்தியோகம். எங்கள் பெண்ணின் கல்யாணம், மாமியாரின் கடைசி நாட்கள், அக்கா கடையை இழுத்து மூடலாமா வேண்டாமா என்ற யோசனை எல்லாமே அந்த இரண்டு ஸ்டூலில்தான் முடிவானது. டீ கொடுக்கப் போனால் பேச்சு டக்கென்று நிற்கும்.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் என் மனைவி சளி என்றாள். "தலையில ஈரம் வேண்டாம்க்கா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்." அக்காவுக்கு மட்டும் அடித்துவிட்டாள். அடுத்த மாதம் தலைவலி. அதற்கடுத்த மாதம் கழுத்துப் பிடிப்பு. எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வகிட்டில் வெள்ளை ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சாயங்காலம் முடிவெட்டும் கடைக்குப் போய், சாயம் ஏறிய நீளத்தையெல்லாம் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. முடி முழுக்க வெள்ளி நிறம், முன்பக்கம் மட்டும் கொஞ்சம் கருமை கலந்து. காது தெரிந்தது. கழுத்து தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கழுத்து இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"நீதானா?"

"நானேதான். இத்தனை நாள் ஊர்ல இருக்கிற முகத்தையெல்லாம் பாத்தேன். என் முகம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்துடலாம்னு தோணுச்சு."

முதல் சில நாட்கள் அவள் கை தானாகப் பின்னந்தலைக்குப் போய்க் கொண்டையைத் தேடும். ஒன்றும் அகப்படாமல் திரும்பி வரும். பிறகு பழகிவிட்டது. காலையில் குளித்ததும் துண்டால் துவட்டி, விரல் நுனியில் துளி க்ரீம் எடுத்து, முன்முடியை மேலே தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவாள். சீப்பே தேவைப்படவில்லை. பெட்டிக்குள் கிடந்த பெரிய தோடு வெளியே வந்தது. ஃபிரேம் இல்லாத பழைய கண்ணாடியை எடுத்துவைத்துவிட்டு, அடர்சிவப்பு ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டாள். "வெள்ளை முடிக்குக் கண்ணாடி அழுத்தமா இருக்கணும். இல்லன்னா முகம் கரைஞ்சு போயிடும்" என்றாள். கடையில் லென்ஸ் தேய்ப்பவர் முதல் நாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாரைப் பாக்கணும் மேடம்?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் நடையே மாறிவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தோடு வந்து நின்றார்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"இதுக்குத்தான் சளியா?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவேக்கா."

"சொல்லுவேன்தான். அதுக்காகச் சொல்லாம இருந்துடுவியா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ என் தங்கச்சின்னு எல்லாருக்கும் தெரியும்டி. தங்கச்சி தலையே இப்படின்னா, அக்காவுக்கு என்ன வயசுன்னு எவளுக்கும் கணக்குப் போடத் தெரியாதா?"

நான் சிரித்துத் தொலைத்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சிரிங்க மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் போறதுக்கு ஒண்ணும் இல்லையே." கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. போன் செய்தால் கடையில் கூட்டம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி பால்கனியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மற்ற ஸ்டூல் காலியாக இருந்தது. கடையில் அத்தனை நிமிர்வாக இருப்பவள் இங்கே கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறுத்துவதற்குப் பேச்சே இல்லை.

"வயசு தெரிஞ்சுடும்னுதான் கோவமா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். ஆனா நான் சளின்னு சொன்னேன் பாருங்க, அதுதான் அவளுக்கு ஆறல. அவளுக்கு மாசத்துல இந்த ஒரு நாள்தாங்க. நானே அதை இல்லாமப் பண்ணிட்டேன்." கண் கலங்கிவிட்டது. முடியைத் திரும்ப வளர்த்துக் கறுப்படித்தாலும் அக்கா வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

சில நாள் கழித்து இரண்டு காலர் சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பையைத் தூக்க நான். கொண்டை இருந்தவரை சட்டைக் காலர் பின்னால் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போது அது கழுத்தைவிட்டுத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது. சாக்குதான், ஆனால் உண்மையான சாக்கு.

அக்கா மெஷினில் குனிந்திருந்தார். நாங்கள் நுழைந்தபோது பின்னந்தலைதான் முதலில் தெரிந்தது. முன்பக்கம் கருகருவென்றிருக்க, பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு டை படாமல் வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. கை எட்டியவரை அடித்திருக்கிறார்.  என் மனைவி அதைப் பார்க்காத மாதிரி அளவுநாடா தொங்குகிற பக்கம் பார்த்தாள்.

"காலர் இறக்கணும்க்கா."

"வெச்சுட்டுப் போ."

"அளவு மாறியிருக்கும்."

அக்கா எழுந்தார். யாராக இருந்தாலும் அளவெடுக்காமல் துணியைத் தொட அவரால் முடியாது. "திரும்பு" என்றார். நாடாவைக் கழுத்தில் சுற்றினார். பின்கழுத்தில் வளர்ந்து கிடந்த முடியைப் பார்த்ததும் கை நின்றது.

"இது என்னடி, ஓரம் அடிக்காத துணி மாதிரி?"

"வெட்டி நாளாச்சு. வளந்துடுச்சு. பின்னாடி எனக்கு எங்க தெரியுது?"

 அக்கா துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்பீஸை எடுத்து, தோள் தையலிலிருந்து அளந்து, பின்கழுத்தில் ஒரு கோடு இழுத்தார். மேஜையில் கை நீட்டினார். அவர் எடுத்தது துணிக் கத்தரிக்கோல். நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அந்தக் கத்தரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் அவர் கையால் வெட்டி நான் பார்த்ததில்லை. தங்கையின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோட்டின்மேல் மெதுவாக வெட்டிக்கொண்டே போனார். தரையில் துணித்துண்டுகளுக்கு நடுவே வெள்ளை முடி விழுந்தது.

முடித்துவிட்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தவரின் முகம் மாறியது.

"சாஞ்சுடுச்சு."

நானும் எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் இறங்கி, வலது பக்கம் ஏறி, கோடு சாய்வாகத்தான் இருந்தது.

"உனக்கு இடது தோள் இறக்கம். சின்ன வயசுலேர்ந்து உன் சட்டைக்கெல்லாம் அதுக்கு விட்டுத்தான் வெட்டுவேன். கைப்பழக்கத்துல முடியையும் அப்படியே வெட்டித் தொலைச்சுட்டேன். இரு, சரி பண்ணிடறேன்."

என் மனைவி துணி மாற்றுகிற தடுப்புக்குள் போய், பெரிய கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கைக்கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். வெளியே வந்தாள்.

"இருக்கட்டும். சரி பண்ணாத."

"கோணலா இருக்குடி. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எங்க அக்கா வெட்டினதுன்னு சொல்றேன். இப்பவே சரி பண்ணிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை நீ எதுக்கு வருவே?"

அக்கா கத்தரிக்கோலைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "கிண்ணம் எங்கிட்டதான் இருக்கு" என்றார் கடைசியில். "காலையிலேயே வரேன். மாப்பிள்ளையை டீயில சக்கரை கம்மியாப் போடச் சொல்லு."

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் எனக்கு வாயிற்காவல். டையைவிடக் குட்டைமுடிக்குத்தான் பின்னால் வேலை அதிகம். ஒரு வாரம் டை, ஒரு வாரம் கத்தரிக்கோல். கோடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. நேராக வர வேண்டும் என்று அக்கா மெனக்கெடுவதாகவும் தெரியவில்லை. கடைக்கு வருகிற இரண்டொரு பெண்கள், எந்த பார்லர் என்று என் மனைவியிடம் விசாரித்தார்களாம். இதைக் கேட்டு அக்கா காட்டிய பந்தாவை எழுதினால் இடம் போதாது.

போன வாரம் அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறது என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார். புதிதாக டை அடித்த தலை, பின்பக்கமும் சேர்த்து ஒரே கறுப்பு. எதிரே என் மனைவி, வெள்ளி முடியும் சிவப்புக் கண்ணாடியுமாக. பக்கத்து நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்த ஒரு பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜாடை அப்படியே இருக்கு. உங்க தங்கச்சிங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

அக்காவின் கை ஃபிரேமோடு பாதியில் நின்றது. இந்தக் கண்ணாடிக்கு முன்னால் இருந்துகொண்டு என் மனைவி பொய் சொல்லமாட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

"ஆமாங்க" என்றாள் என் மனைவி, வேறொரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே. "சின்னவ."

அக்கா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து மூத்தவராகவே இருந்துவிட்ட அந்த மனுஷி, நாற்காலியில் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. சிரிப்பும் வரவில்லை, கண்தான் கரித்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அக்கா அந்தப் பெண்ணிடம், முகத்தைத் தூக்கி ஃபிரேமுக்குக் காட்டியபடி. "எல்லாம் அக்காதான் பாத்து எடுத்துக் குடுக்கணும்."