பின்பக்கம் கிழித்த பூட்ஸ்

"உனக்கெதுக்குடி அந்தப் பூட்ஸ் கத? அடுப்புல சோறு வெந்துச்சான்னு போய்ப் பாரு" என்று பக்கத்து வீட்டு மருமகளைக் காலையில் துரத்திவிட்டேன். சொன்னால் அழுவாள். அழுதால் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். என்னிடம் பால் அரை டம்ளர்தான் இருந்தது.

வாசலில் நிற்கும் ரப்பர் பூட்ஸ் என் மகனுடையது. எஸ்டேட்டில் கொடுத்த எந்த அளவிலும் அவன் கெண்டைக்கால் நுழையவில்லை, அத்தனை பருமன். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் பின்பக்கத்தை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். "மலைக்குன்னே செஞ்ச காலுங்க" என்று சொல்லி, செங்குத்தான சரிவில் கொழுந்து மூட்டை தூக்க அவனைத்தான் போட்டார் மேஸ்திரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் உட்கார்ந்தால் சுலபமாக எழ மாட்டான். தரையில் கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவது போல் எழுவான்.

"ஏறியாச்சா சாமி? மேல குளுருதா?" என்பேன்.

"தொட்டபெட்டா தெரியுதுங்கம்மா" என்பான்.

மூட்டையோடு இரண்டு முறை விழுந்த பிறகு கோயமுத்தூருக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தசை நாரையும் அதைச் சுற்றியுள்ள உறையையும் சேர்த்துப் பிடிக்க டிஸ்ட்ரோஃபின் என்று ஒரு புரதம் உண்டாம். அதைச் செய்யச் சொல்லும் ஜீனில் பழுதாம். கோட்டுக்கும் உள்துணிக்கும் நடுவில் தையல் விட்டுப்போனது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் நார் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. கெண்டைக்காலில் நாங்கள் பெருமைப்பட்டது பலமில்லை, தசை அழிந்த இடத்தில் சேர்ந்த கொழுப்பு.

"இதயமும் தசைதானுங்க, அதையும் பார்த்துக்கணும். இந்தப் பழுது அம்மா வழியா வந்திருக்கு. உங்க தப்பு ஒண்ணுமில்லீங்க."

திரும்பும் பஸ்ஸில் அவன் மெதுவாகச் சொன்னான்: "ஏனுங்கம்மா, லைன் வீடுங்கள்ல யாராச்சும் கேட்டா மூட்டையோட உழுந்து இடுப்புப் போச்சுன்னு சொல்லிக்கலாம். உங்க வழியா வந்ததுன்னா ஆளாளுக்கு உங்களப் பேசுவாங்க." அவன் தோளில் நழுவிய சால்வையை இழுத்து மூடிவிட்டேன். பிறகு, "சரி சாமி" என்றேன்.

அவன் இருந்தவரை அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். போன குளிருக்கு அவன் இதயம் நின்றது. அதற்குப் பிறகும் காப்பாற்றினேன்.

இன்று சாயங்காலம் பூட்ஸைத் துடைக்க வாசலில் உட்கார்ந்தேன். எழும்போது முழங்காலைப் பிடித்தேன், தொடையைப் பிடித்தேன். என்னுடையது வெறும் கிழட்டுக் கால்தான். ஆனாலும் அவனைப் போலவே ஏறித்தான் நிமிர்ந்தேன். மேலே குளிருகிறதா என்று கேட்க ஆளில்லை. எதிரே பனி இறங்கி, தேயிலைச் சரிவு ஒன்றும் தெரியவில்லை.

குடத்தோடு போனபோது குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். காலையில் துரத்திய மருமகள்காரி விடவில்லை. "உழுந்ததுலதானுங்களே போனாரு உங்க மவன்?"

"அவன் உழுந்ததுல போகலடி. எங்கிட்டருந்து வந்ததுல போனான். மூக்கு எங்கிட்டருந்து வந்துச்சு, வாய்த்துடுக்கு எங்கிட்டருந்து வந்துச்சு, இது மட்டும் ஊரான் ஊட்டுல இருந்தா வரும்? எம்மவன்டி அவன்" என்றேன்.